பட்டறைப் பதில்கள்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

போன இதழில் செயினுக்கு எண்ணெய் போடுவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, "மண்ணில் ஓட்ட ஆசைப்படுகிறவர் செயினைப் பற்றி யோசிப்பதற்கு முன், டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று முடிவு செய்துகொள்ளட்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். செயினை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்கள் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதம் அது மட்டும். தெரியாதவர்களுக்கு: இஞ்சினின் கிராங்க், அதாவது அடியில் சுற்றுகிற அச்சு, ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடி என்றால் டூ ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி என்றால் ஃபோர் ஸ்ட்ரோக்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கோவையில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். தொழில் பழகியது முழுக்க டூ ஸ்ட்ரோக் வண்டிகளில். டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு கலக்கிற ஆயில்) புகை வாசம் வந்தால் இன்றைக்கும் தலை தானாகத் திரும்பும். என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டீர்கள் இல்லையா, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வாசகர்: தோட்டத்துக்குள் போகவர ஒரு மண்பாதை வண்டி வேண்டும். பாதை செங்குத்தாக ஏறும், நடுவில் ஒரு ஓடை, மழைக்காலத்தில் சேறு. பெங்களூருவில் ஒருவர் ஓட்டிய 300 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் விலைக்கு வருகிறது. பேய் மாதிரி ஏறும் என்கிறார்கள். என் மைத்துனர் ஃபோர் ஸ்ட்ரோக் போதும், ஹீரோ எக்ஸ்பல்ஸ் வாங்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

உங்கள் கடிதத்தில் ஏற்றத்தைப் பற்றி நான்கு வரி இருக்கிறது. இறக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வண்டி பார்க்க வருகிறவர்கள் எல்லோருமே "மேட்டுல இழுக்குமா?" என்று கேட்பார்கள். இழுக்கும். 300 சிசி டூ ஸ்ட்ரோக் மேட்டில் இழுப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அப்படி இழுக்கும். ஆனால் ஏறின வண்டி இறங்கித்தானே ஆகவேண்டும்?

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது உங்கள் ஊர்ச் சாலைதான். 1991. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரியின் யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ, அது டூ ஸ்ட்ரோக், எடுத்துக்கொண்டு, ஒரு தோட்டத்து ஜெனரேட்டருக்குச் சாமான் கொடுக்கக் கோத்தகிரி போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சாயங்காலம். மேட்டுப்பாளையம் வரைக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இறக்கம்தானே, எதற்குப் பெட்ரோலை எரிப்பது என்று மூன்றாவது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டு, வண்டியை அதன் போக்கில் விட்டேன். குளிர்காற்று, சைலன்சரில் இருந்து படபடவென்று ஒரு சின்னச் சத்தம். சுகமாகத்தான் இருந்தது. குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில் பின்சக்கரம் திடீரென்று கிறீச்சென்று நின்றது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, சக்கரம் சுற்றவில்லை. கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்று கைக்குத் தோன்றுவதற்குள் நான் சாலை ஓரத்துச் சரளையில் கிடந்தேன். பீன்ஸ் ஏற்றி வந்த டெம்போக்காரர் வண்டியையும் என்னையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் மேஸ்திரி ஹெட்டைக் கழற்றினார், சிலிண்டரை உருவினார், பிஸ்டனை வாசல் வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினார். சைலன்சர் பக்கம் நான்கு கோடு, பூனை பிராண்டினது மாதிரி. எங்கே போனேன், எப்படி வந்தேன் என்று எதுவும் கேட்கவில்லை. "ஏன்டா, பெட்ரோல் மிச்சம் பண்ணுனியா?" என்றார். சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி (அதைத்தான் போர் போடுவது என்போம்), கால் மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். பழைய பிஸ்டன் இன்றைக்கும் என் பில் புத்தகத்தின்மேல் வெயிட்டாக உட்கார்ந்திருக்கிறது.

நடந்தது இதுதான். ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினில் ஆயில் அடியில் தனியாக நிற்கிறது. கிராங்க் சுற்றுகிறவரை பம்ப் அதை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஆக்ஸிலேட்டர் முறுக்கினாலும் சரி, மூடினாலும் சரி. டூ ஸ்ட்ரோக்கில் அந்த வசதி இல்லை. பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் சாப்பாடு. ஆர்.எக்ஸ். மாதிரி ஆயில் டேங்க் தனியாக இருக்கிற வண்டியிலும் அந்தப் பம்ப் ஆக்ஸிலேட்டர் கேபிளோடு சேர்ந்தே வேலை செய்கிறது. மூடினால் சொட்டு குறைந்துவிடும். இறக்கத்தில் சக்கரம் இஞ்சினைப் பிடித்து வேகமாகச் சுற்றுகிறது, உள்ளே ஆயிலும் இல்லை, குளிர்விக்கப் புதுப் பெட்ரோலும் இல்லை. பிஸ்டன் பெருத்து, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விட்டால் பிழைத்தது. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

இன்னொன்று, டூ ஸ்ட்ரோக்கில் இஞ்சின் பிரேக் என்பது பெயருக்குத்தான். கியரைக் குறைத்தால் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைப் பின்னால் இருந்து ஒரு ஆள் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். டூ ஸ்ட்ரோக் உருண்டுகொண்டே போகும், முழுப் பாரமும் பிரேக்கின்மேல். பந்தயக்காரர்களுக்கு இது பிடிக்கும். பாறையும் வேருமான இடத்தில் பின்சக்கரம் குதிக்காமல் இறங்குகிறது என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரி. ஆனால் உங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் பாதையில் நடந்துகொண்டிருப்பார்கள். சேறும் தேயிலைச் சருகுமாக இருக்கிற இறக்கத்தில், சாப்பாட்டுத் தூக்கு மாட்டிக்கொண்டு இறங்குகிற வண்டிக்கு, தானாக மெதுவாகிற இஞ்சின்தான் வேண்டும்.

பெங்களூரு வண்டிக்கு வருகிறேன். அது பந்தயத்துக்கென்று வெளிநாட்டில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும். இங்கே ஆர்.சி. கிடைக்காது. தோட்டத்து கேட்டைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்தால் குற்றம். பெட்ரோல் போடக்கூட ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். வாங்கியே தீருவேன் என்றால் சுங்கவரி கட்டின காகிதம் இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிஸ்டன் கிட் வெளியில் இருந்து வரவேண்டும், அது வருகிறவரை வண்டி ஷெட்டில் நிற்கும்.

மைத்துனர் சொன்னதைக் கேளுங்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வி கிட்டத்தட்ட 160 கிலோ, பாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். விழுந்தால் தூக்கும்போது முதுகு சொல்லும். ஆனால் முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம் சக்கரம், அடிவயிறு தரையில் இருந்து 220 மில்லிமீட்டர் உயரம், ஊருக்கு ஊர் சாமான். கை இன்னும் தாராளம் என்றால் கவாசகி கேஎல்எக்ஸ் 230, அது 139 கிலோ. அந்த 20 கிலோ வித்தியாசத்தின் அருமை, இரண்டாவது தடவை கீழே போடும்போது தெரியும்.

ஓடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீரில் வண்டி சாய்ந்து இஞ்சின் நின்றுவிட்டால், எந்த ஸ்ட்ரோக்காக இருந்தாலும் செல்ஃபை அமுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள், தண்ணீர் பீய்ச்சியடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கூடுதலாக ஒரு வேலை: ஆயிலைப் பாருங்கள். பால் ஊற்றின டீ நிறத்தில் இருந்தால் அதை வடித்துப் புது ஆயில் ஊற்றாமல் வீட்டுக்குக்கூட ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

மெல்போர்னில் இருந்து ஒரு தமிழர்: இரண்டு வருடமாக 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கில் மலைப்பாதை ஓட்டுகிறேன். அடுத்து கேடிஎம் 300 டூ ஸ்ட்ரோக்கா, 350 ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று குழப்பம். நிறுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஓரிரு கிலோதான் வித்தியாசம். பிறகு ஏன் எல்லோரும் 300-ஐ 'இலேசு' என்கிறார்கள்?

நல்ல கேள்வி, தராசு சொல்கிற கணக்கு வேறு, மணிக்கட்டு சொல்கிற கணக்கு வேறு. உங்கள் வீட்டில் சைக்கிள் சக்கரம் இருந்தால் அச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றவிட்டு, பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். சாய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். எடை மாறவில்லை, சுற்றுவதால் அந்த அடம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்கோடு சேர்ந்து கேம் (வால்வைத் திறந்து மூடுகிற தண்டு), அதைச் சுற்றுகிற செயின் என்று சுற்றுகிற சாமான் அதிகம். அந்த வால்வு, கேம் எல்லாம் உச்சியில், ஹெட்டில் உட்கார்ந்திருக்கின்றன. டூ ஸ்ட்ரோக்கில் ஹெட் என்பது ஒரு மூடிதான், பிளக்கைத் தவிர ஒன்றும் கிடையாது. அதனால்தான் மரத்துக்கு மரம் வளைக்கும்போது 300 கைக்கு இலேசாக இருக்கிறது.

300 டூ ஸ்ட்ரோக்கைப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் உண்டு, 125 சிசி வண்டி மாதிரி கத்திக்கொண்டு திடீரென்று பாயும் என்று. இல்லை. கீழ் ஆர்.பி.எம்.மிலேயே மாட்டு வண்டி மாதிரி இழுக்கும். வழுக்குப் பாறையில் நின்றுவிட்டு மறுபடி கிளப்ப அதைவிட நல்ல இஞ்சின் நான் பார்த்ததில்லை. ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் இரும்புச் சுரங்க மலையில் 1995 முதல் நடக்கிற பந்தயத்தைப் பாருங்கள். டாடி பிளாசூசியாக் 2007 முதல் 2011 வரை தொடர்ந்து ஐந்து வருடம் ஜெயித்தார், கிரஹாம் ஜார்விஸ், மானுவல் லெட்டன்பிக்லர் என்று பின்னால் வந்தவர்களும் டூ ஸ்ட்ரோக்காரர்கள்தான். ஏறவே முடியாத இடத்தில் வண்டியைத் தோளில் இழுக்கிற நேரமும் அதில் உண்டு, அப்போது ஃபோர் ஸ்ட்ரோக் கொதித்துப் போகும்.

சரி, நீங்கள் எர்ஸ்பெர்க் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு 100 கிலோமீட்டர் போகிறீர்கள். அதில் பாதி அகலமான மண்சாலை என்றால் 350 எடுங்கள். நீளமாக, ஒரே வேகத்தில், சரளையில் ஓடுவதற்கு ஃபோர் ஸ்ட்ரோக்கின் பிடிமானம் தனி. பெட்ரோலும் அதிக தூரம் வரும். குறுகலான, காடும் பாறையுமான ஒற்றையடிப் பாதைதான் உங்கள் வழக்கம் என்றால் 300. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருந்து மாறுவதால் முதல் மாதம் ஒவ்வொரு வளைவுக்கும் தாமதமாக நிற்பீர்கள். ஆக்ஸிலேட்டரை மூடினால் வண்டி தானாகக் குறையும் என்று உங்கள் உடம்பு இரண்டு வருடமாகப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை மாற்றுகிறவரை முன்னால் போகிற நண்பரிடம் தள்ளியே இருங்கள்.

கேடிஎம்மில் 2018 மாடல் முதல் 300-க்குப் பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது, ஆயிலும் தனி டேங்கில் இருந்து போகிறது. கார்புரேட்டர் காலத்துத் தொல்லை பாதி போச்சு. பழைய வண்டியில் சமவெளியில் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையை, சரியாக வைத்துக்கொண்டு ஊட்டி உயரத்துக்கு, அதாவது 2,240 மீட்டருக்கு ஏறினால், காற்று இலேசாகி, பெட்ரோல் அதிகமாகி, பிளக் நனைந்து, வண்டி இருமும். அதற்காக மேலே ஜெட்டைச் சின்னதாக்கிவிட்டு, மறந்துபோய்க் கீழே வந்தால் அங்கே பிஸ்டன் கவ்வும். இன்ஜெக்ஷன் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

செலவு: டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன், ரிங் அடிக்கடி மாற்றவேண்டும். ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் ஒரு மத்தியானத்தில் நீங்களே மாற்றிவிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது வெகுநாள் ஓடும். ஓடி முடிந்து வால்வு, கேம் என்று திறந்தால் பில்லை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாருங்கள். இரண்டிலும் மணிக்கணக்கு மீட்டர் மாட்டி, கையேட்டில் போட்டிருக்கிற மணிக்குப் பணி செய்யுங்கள். இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது.

காரைக்குடி வாசகர்: அப்பா வைத்திருந்த ஆர்.எக்ஸ். 100 வீட்டில் நிற்கிறது. பட்டன் டயர் போட்டு, சைலன்சரைத் தூக்கி வைத்து, டர்ட் பைக்காக மாற்றலாமா?

வேண்டாம். அது 1985-இல் இருந்து 1996 வரைக்கும்தான் வந்த வண்டி. அதன் ஃபோர்க்கும் ஷாக்கும் தார்ச்சாலைப் பள்ளத்துக்குச் செய்தவை. ஒரு தாவலில் அடிவரை இறங்கி இடுப்பைத் தட்டும். தவிர, வண்டியின் உருவத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தில் தப்பு. துடைத்து, உள்ளே படிந்த கரியை எடுத்து (டீகார்பன் என்பார்கள்), அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போங்கள்.

திருச்சி பாலிடெக்னிக் மாணவர்: டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. அப்படியென்றால் டூ ஸ்ட்ரோக்கில் இரண்டு மடங்கு பவர் வரவேண்டுமே? ஏன் வருவதில்லை? பிறகு ஏன் பந்தயங்களில் ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது?

தம்பி, கணக்கு சரி, இஞ்சின் கணக்கு நோட்டுப் படி நடக்காது. ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்பிளெண்டர் 97 சிசி, சுமார் 8 குதிரை. ஆர்.எக்ஸ். 100, 98 சிசி, 11 குதிரை. இரண்டு மடங்கு இல்லை, ஆனால் ஏறக்குறைய ஒன்றரை மடங்குப் பக்கம் போகிறது. மிச்சம் எங்கே போனது?

சைலன்சர் வழியாகப் போனது. டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் ஜன்னல்கள்தான். பிஸ்டன் கீழே இறங்கும்போது ஜன்னல்கள் திறக்கும். ஒரு பக்கம் புகை வெளியேறுகிறது, அதே நேரத்தில் இன்னொரு பக்கம் புதுப் பெட்ரோல் உள்ளே வருகிறது. புதியதில் ஒரு பங்கு, புகையோடு கைகோத்துக்கொண்டு எரியாமலே வெளியே போய்விடும். கார்புரேட்டர் வண்டிகளில் அது 30 சதவீதம்வரைகூடப் போகும். பழைய ஆட்டோ பின்னால் போகும்போது கண் எரிந்ததே, அது எரிந்த பெட்ரோல் மட்டும் இல்லை, எரியாத பெட்ரோலும் ஆயிலும்.

டர்ட் பைக்கில் சைலன்சர் ஏன் கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பியிருக்கிறது என்று யோசித்திருக்கிறாயா? ஓடிப்போகிறதைப் பிடித்துத் திரும்பத் தள்ளத்தான். புகையின் அலை அந்த வயிற்றில் விரிந்து, பின்னால் குறுகுகிற இடத்தில் மோதித் திரும்பி வரும். ஜன்னல் மூடுவதற்கு ஒரு நொடியில் சின்னப் பங்கு நேரம் முன்னால் வந்து, வெளியே போன பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள் அமுக்கும். அலை சரியான நேரத்தில் வருவது ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான். அந்த வேகம் வரும்போதுதான் ஆர்.எக்ஸ். திடீரென்று 'கிளம்புகிறது' என்கிறோமே, அது. பாறையில் இடித்துச் சைலன்சர் வயிறு ஒடுங்கினால் அந்த அலையின் கணக்கும் மாறிவிடும்.

பந்தயத்துக்கு வருவோம். 1997-இல் லாஸ் வேகாஸில் டக் ஹென்றி, யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கில் சூப்பர்கிராஸ் (ஸ்டேடியத்துக்குள் மண் மேடு போட்டு ஓட்டுவது) பந்தயம் ஜெயித்தார். அதுவரை அங்கே டூ ஸ்ட்ரோக் ராஜ்ஜியம். மறுவருடமே ஒய்.இசட். 400எஃப் கடைக்கு வந்தது. விதியைக் கவனி: 250 டூ ஸ்ட்ரோக்கோடு போட்டியிட ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அதைவிடப் பெரிய இஞ்சின் அனுமதி. அந்தச் சலுகை இருந்ததால் கம்பெனிகள் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் திரும்பின. புகைச் சட்டங்களும் நெருக்கின. ஹோண்டா 2007 மாடலோடு டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு முழுக்குப் போட்டது. டக்கார் பாலைவனப் பந்தயத்தில் இப்போது 450 சிசிக்கு மேல் கிடையாது, ஓடுவதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். நம் பக்கத்து ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா 2024-இல் ராலி 2 பிரிவில் முதலாக வந்தது ஷெர்கோ டிவிஎஸ் வண்டியில். அதே ஷெர்கோ கம்பெனி, காட்டுப்பாதைக்கு 300 டூ ஸ்ட்ரோக்கும் செய்கிறது. பாலைவனத்துக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று.

நம் வீட்டுக் கதையும் அதுதானே. 1980-இல் வந்த டிவிஎஸ் 50 டூ ஸ்ட்ரோக். 2015-இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். பால்காரர் பெட்ரோல் கணக்கு எழுதுகிறவர், அவர் மாறினார் என்றால் கணக்கு அந்தப் பக்கம்.

நாகப்பட்டினத்தில் இருந்து ஒரு மீனவர்: படகு இஞ்சினுக்கு வாங்குகிற டூடி ஆயில் வீட்டில் கேன் கேனாக இருக்கிறது. தம்பியின் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கும் அதையே ஊற்றலாமா? எவ்வளவு கலப்பது?

அவசரத்துக்கு ஒரு நாள் ஊற்றினால் இஞ்சின் வெடித்துவிடாது. வழக்கமாக வேண்டாம். படகு இஞ்சினைக் கடல் தண்ணீரே குளிர்விக்கிறது, அதனால் அந்த ஆயிலைக் குறைந்த சூட்டுக்கென்று தயாரிக்கிறார்கள். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். காற்றில் குளிர்கிற வண்டி அதைவிட ரொம்பச் சூடாகும், அந்தச் சூட்டில் அந்த ஆயில் தாங்காது. வண்டிக்கு ஜேசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று போட்டதை வாங்கச் சொல்லுங்கள்.

கலவை: 1-க்கு 50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 1-க்கு 40 என்றால் 25 மில்லி. வண்டிப் புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அது. மருந்துக்கடையில் அளவுக் கோப்பை கிடைக்கும், மூடியில் ஊற்றிக் கண்ணால் அளக்கிற வேலை வேண்டாம். "கொஞ்சம் கூடப் போட்டா நல்லதுதானே" என்று தம்பி சொல்வார். ஆயில் கூடினால் அந்த இடத்துக்குப் பெட்ரோல் குறையும். புகையும் வரும், இஞ்சின் சூடும் ஏறும். இன்னொன்று, இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை இழுக்கும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் கலந்து வைத்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைத்திருந்து ஊற்றவே வேண்டாம். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்குக் கலந்துகொள்ளட்டும்.

ஈரோட்டில் இருந்து ஒரு அம்மா: பையனுக்கு 15 வயது. டர்ட் பைக் வாங்கித் தா என்று ஆறு மாதமாகச் சாப்பாட்டில் கோபம் காட்டுகிறான். அதுவும் டூ ஸ்ட்ரோக்தான் வேண்டுமாம், சத்தம் நன்றாக இருக்குமாம். அவன் அப்பா துபாயில். நான் என்ன செய்ய?

சத்தத்துக்காக வண்டி கேட்கிற வயது, நானும் கேட்டிருக்கிறேன். முதலில் சட்டத்தைச் சொல்கிறேன்மா. கியர் வண்டி உரிமம் 18 வயதுக்குத்தான். பொதுச்சாலையில் அவன் ஓட்டிப் பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் பெற்றவர்கள்மேல் வரும். சொந்தத் தோட்டம் இருக்கிறதா? அல்லது உரிமையாளர் எழுதிக்கொடுத்துச் சம்மதித்த நிலம்? இல்லை என்றால் இப்போதைக்கு வண்டியே வேண்டாம். சத்தியமங்கலம் பக்கம் காட்டுக்குள் கூட்டமாகப் போகிறோம் என்று யாராவது அழைத்தால் கண்டிப்பாக அனுப்பாதீர்கள். காப்புக்காட்டில் வண்டி ஓட்டுவது குற்றம், யானை நடக்கிற இடம் வேறு.

வண்டி வாங்குவதற்கு முன்னால், இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புங்கள். டக்காரில் ஓட்டிய சி.எஸ். சந்தோஷ் கோலார் பக்கம் பிக்ராக் என்ற பயிற்சி இடம் வைத்திருக்கிறார். வண்டி, பூட்ஸ் எல்லாம் அங்கே என்ன தருகிறார்கள், இந்த வயதுக்கு எடுத்துக்கொள்கிறார்களா என்று முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் சேற்றில் விழுந்து எழுந்த பிறகும் ஆசை இருந்தால் அது உண்மையான ஆசை. பாதிப் பிள்ளைகளுக்கு முதல் நாள் மத்தியானமே தெளிந்துவிடும்.

அப்புறமும் கேட்டால், ஃபோர் ஸ்ட்ரோக், 110 இலிருந்து 140 சிசிக்குள். ஏன் டூ ஸ்ட்ரோக் வேண்டாம் என்கிறேன் என்றால், பழகுகிற பிள்ளை பயந்தால் கை இறுகும், இறுகினால் ஆக்ஸிலேட்டர் முறுகும். சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் அப்போதும் கொஞ்சம் பொறுமையாக ஏறும். பந்தய 85 சிசி டூ ஸ்ட்ரோக் அப்படி இல்லை, ஒரு கணம் தூங்கும், அடுத்த கணம் முன்சக்கரம் ஆகாயத்தில் இருக்கும். வண்டிக்கு வைத்திருக்கிற பணத்தில் முதலில் ஹெல்மெட், முழங்கால் கவசம், கணுக்காலுக்கு மேல் வருகிற டர்ட் பூட்ஸ் வாங்குங்கள். மிச்சத்துக்கு வண்டி. செருப்போடு ஏறினால் சாவியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். சத்தம் வேண்டும் என்றால் என் பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

பொள்ளாச்சி வாசகர்: எல்லோருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கச் சொல்கிறீர்கள். உங்களிடம் என்ன வண்டி இருக்கிறது?

மாட்டிக்கொண்டேன். மேஸ்திரி தொழிலை விட்டபோது, கோத்தகிரி இறக்கத்தில் நான் கவிழ்த்த அதே ஆர்.எக்ஸை எனக்கே கொடுத்தார், சம்பளப் பாக்கிக்குச் சரிக்கட்டி. இதுவரை மூன்று தடவை போர் போட்டாகிவிட்டது, நான்காவதற்கு சிலிண்டரில் இடம் இருக்காது. மேட்டுப்பாளையம் ரோட்டில் எப்போதாவது காலையில் எடுக்கிறேன். சமவெளியிலும் இடது கை இரண்டு விரல் கிளட்சின்மேல்தான் இருக்கும், பட்டறைப் பையன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். விலைக்குக் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.